ஈஸ்டருக்குக் கழற்றிய சக்கரங்கள்

கெர்னோட் வீபுஷை நான் முதன்முதலாகப் பார்த்தது, எங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு எங்கள் ஜெர்மன் மலையூர் ஹென்பாக்குக்குத் திரும்பி வந்திருந்த ஒரு கோடையில். அவர் வாசல் மணியை அழுத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. தோட்ட வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, கையில் ஒரு கார் இன்சூரன்ஸ் பாலிசியோடு கூப்பிட்டார்.

"நீதானே பெரிய படிப்பு படிச்சவன்? இந்தா, இந்தப் பக்கம். சின்ன எழுத்து. வாய்விட்டுப் படி."

படித்து முடிக்கிறவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பாலிசியை வாங்கி மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"சரியாத்தான் படிக்கிற. நான் முந்தியே படிச்சாச்சு. நடுவுல எதையாவது முழுங்கிட்டுப் படிக்கிறியான்னு பார்த்தேன்."

அதுதான் அறிமுகம். போகும்போது வேலிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். இந்தக் கதையில் அவர் சொன்னது கொஞ்சம், அவர் மனைவி அல்முட் சொன்னது மிச்சம். இரண்டு பேரும் சொல்லாததை ஊர் சொன்னது.

கெர்னோட்டுக்குச் சந்தேகம்தான் உத்தியோகம். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் இருக்கும் திருகாணித் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். ஓடும் பட்டையில் வரும் திருகாணிகளில் எது கோணல், எதன் மரை அரைகுறை என்று பார்த்துப் பொறுக்கி எறிவது வேலை. நல்லதை யாரும் தேட வேண்டியதில்லை, அது தானாகப் பெட்டிக்குப் போய்விடும், கெட்டதைத்தான் தேட வேண்டும் என்பார். தேடித் தேடி அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரொட்டிக் கடையில் சில்லறையை எண்ணாமல் வாங்கமாட்டார். ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் திருவிழாவில் சீட்டுக் குலுக்கும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். சங்கத்தார் அதற்குப் பிறகு அவரையே பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்குப் பெருமை.

அவருக்கும் எக்பர்ட் டீமனுக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. ஐஷ்பெர்க் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர் டீமன். ஊரில் முக்கால்வாசிப் பேருடைய சக்கரங்கள் அவருடைய பரணில்தான் கிடக்கும். கோடையில், பனியில் வழுக்காத டயர் போட்ட பனிச் சக்கரங்கள்; பனிக்காலத்தில் கோடைச் சக்கரங்கள். ஊரார் அந்தப் பரணை விடுதி என்பார்கள். "என் சக்கரம் விடுதியில தூங்குது" என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஓர் அக்டோபரில் விடுதியிலிருந்து இறக்கி மாட்டிய சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு கெர்னோட் நிமிர்ந்தார்.

"இது என் சக்கரமில்ல."

"உன்னுதுதான்யா. உன்ன மாதிரியே ஒரு பக்கமா தேஞ்சிருக்கு பாரு" என்றார் டீமன், நாலு பேர் நிற்கும்போது.

நாலு பேரும் சிரித்தார்கள். சக்கரம் மாறியதற்கு அவர்கள் சிரித்ததுதான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார் கெர்னோட். அன்று கழற்றிய கோடைச் சக்கரங்களைப் பரணுக்கு ஏற்றவிடாமல் எடுத்து வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. தன் வீட்டு நிலவறையில் பலகை போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடது முன், வலது பின் என்று சாக்கட்டியால் எழுதி, கதவைப் பூட்டி வைத்தார். மாட்டுவதும் கழற்றுவதும் தன் கையாலேயே. போல்ட்டை முறுக்கி முடித்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி முறுக்குவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல டீமனாலும் முடியாது.

இங்கே எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில் பனி டயரை மாட்டுவது, ஈஸ்டருக்குக் கழற்றுவது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஜாக்கி சத்தம்தான். பகலில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கை கழுவி, சாயங்காலம் ஈஸ்டர் சொக்கப்பனைக்குப் போவார்கள். சட்டத்தில் ஈஸ்டரும் இல்லை, அக்டோபரும் இல்லை. ரோட்டில் பனியோ உறைந்த நீரோ கிடந்தால் அதற்குரிய டயர் இல்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். சட்டத்தை வரி வரியாகப் படித்திருந்த கெர்னோட்டுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தச் சனிக்கிழமையை அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. ஊரில் யாரையும் நம்பாத மனிதர், நாள்காட்டியில் சிவப்பாக அச்சிட்ட ஈஸ்டரை மட்டும் நம்பினார்.

அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. கெர்னோட் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தபோது அல்முட் சமையலறை ஜன்னலைத் திறந்தார்.

"மரம் ஒண்ணுகூட துளிர்க்கல. அதுக்குள்ள கழட்டப் போறியா?"

"ஈஸ்டர் வந்தாச்சுல்ல?"

"இந்த வருஷம் ஈஸ்டர் முந்திக்கிச்சு. பனிக்கு அது தெரியுமா?"

"ஏப்ரல்ல பனி வரும்னு கதை கட்டி விடுறதே டயர் விக்கிறவங்கதான். பனி டயர் ரப்பர் மெதுவு. வெயில் ரோட்டுல ஓட்டினா வெண்ணெய் மாதிரி தேயும். தேஞ்சா புதுசு வாங்கணும். யாருக்கு லாபம்?"

"டீமனுக்குன்னு சொல்லப் போற."

"நான் பேரே எடுக்கலையே. நீதான் சொல்ற."

"சரிப்பா, நாளைக்கே பனி விழுந்தா?"

"விழுந்தா வண்டிய எடுக்காத. சட்டமும் அதைத்தான் சொல்லுது."

"நான் எடுக்கலைன்னா அங்க கிழவங்களுக்கு யாரு காலையில கஞ்சி வைப்பா? நீ போய் வைப்பியா?"

கெர்னோட் போல்ட்டைத் தளர்த்தினார். அல்முட் கீழ்ப் பள்ளத்தாக்கில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சமையல்காரர். விடிவதற்கு முன்னால் அடுப்பு பற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கெர்னோட்டைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போக உடன் வேலை செய்கிறவன் வண்டி வரும். அல்முட்டுக்கு இந்த ஒரு கார்தான். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

அன்று சாயங்காலம் சொக்கப்பனை எரியும்போதும் கெர்னோட் நெருப்பைப் பார்க்கவில்லை, ஓரமாக நின்ற கார்களைப் பார்த்தார். எல்லா வண்டியிலும் கோடை டயர். டீமன் வண்டியில் மட்டும் பனி டயர் அப்படியே இருந்தது.

"பார்த்தியா? விக்காத சரக்கை ஓட்டித் தேய்க்கிறான்" என்று அல்முட் காதில் சொன்னார்.

ஏப்ரல் நடுவில், மலைமேல் பனி விழும் என்று வானொலி சொன்னது. "பழையபடி மாட்டிக் கொடு, ஒரு வாரம் போகட்டும்" என்று அல்முட் கேட்டார். வானொலிக்காரன் போன மாதம் சொன்ன மழை எங்கே என்று கெர்னோட் கேட்டார். பேச்சு அதோடு நின்றது. மறுநாள் காலை முறை வேலைக்கு அவர் கிளம்பியபோது தெருவில் வெறும் ஈரம்தான். தன் கணக்கு தப்பவில்லை என்று கதவைச் சாத்தும்போது சிரித்துக்கொண்டதாக அவரே சொன்னார்.

தொழிற்சாலைக்குப் போன் வந்தபோது பட்டையில் திருகாணி ஓடிக்கொண்டிருந்தது. ஐஷ்பெர்க் மேட்டு வளைவில் கார் வழுக்கிவிட்டது. மேய்ச்சல் நிலத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு போய், சாலையோரச் சிலுவையின் கல்மேடையில் முட்டி நின்றிருக்கிறது. அல்முட்டுக்கு மணிக்கட்டில் மட்டும் அடி. கெர்னோட்டின் பயம் அடங்குவதற்குள்ளேயே வேறொன்றாக மாறியது. ஐஷ்பெர்க்கா? முதியோர் இல்லம் கீழே அல்லவா இருக்கிறது? மேட்டில் இவளுக்கு என்ன வேலை?

உடன் வேலை செய்கிறவன் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கார் அங்கே இல்லை, டீமன் அதை ஏற்றிப் போய்த் தன் கொட்டகையில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தார். வளைவுக்கு மேலே ரோடு வெள்ளையாகக் கிடந்தது. டீமனுடைய லாரியின் முன் இருக்கையில் அல்முட் உட்கார்ந்திருந்தார், டீமனுடைய ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு.

"நீ எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்த?" கெர்னோட் முதலில் கேட்டது டீமனைத்தான்.

"லாரிய ஓட்டிக்கிட்டு."

"யாரு கூப்பிட்டா?"

டீமன் அல்முட்டைப் பார்த்தார். அல்முட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு பார்வை போதும் கெர்னோட்டுக்கு.  வந்த வண்டியிலேயே மனைவியை ஏற்றிக்கொண்டு, வீடு வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அந்த மேட்டு ரோட்டில் இரண்டே கட்டடம். ஒன்று டீமன் ஒர்க்‌ஷாப். இன்னொன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் மைனோல்ஃபின் வீடு. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிற மைனோல்ஃப். போன திருவிழாவில் அல்முட்டோடு இரண்டு பாட்டுக்கு ஆடிய மைனோல்ஃப். இரண்டுதானா, மூன்றா?

"எங்க போன?" என்று வீட்டு வாசலில் கேட்டார்.

"தலை வலிக்குது. அப்புறம் பேசலாம்."

அல்முட் படுக்கப் போனார். மனம் கொதித்தால் கெர்னோட் நிலவறைக்குப் போவது வழக்கம். எல்லாம் எழுதிவைத்த இடத்தில் இருப்பதைப் பார்த்தால் நெஞ்சு ஆறும். அன்று பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டவர் அப்படியே நின்றார். பலகை மட்டும் இருந்தது. நாலு சக்கரத்தையும் காணோம்.

பூட்டு உடையவில்லை. கீல் நெம்பப்படவில்லை. ஜன்னல் கம்பி அப்படியே இருந்தது. வெளியாள் வேலை இல்லை. சாவி இருப்பது இரண்டு பேரிடம்.

மேலே வந்தபோது அல்முட் எழுந்து, சமையலறையில் ஒற்றைக் கையால் அவித்த உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ நாலு சக்கரத்தையும் காணோம்."

"தெரியும்."

"தெரியுமா! யாருக்குக் கொடுத்த? டீமனுக்கா, மைனோல்ஃபுக்கா?"

"மைனோல்ஃப் எங்கிருந்து வந்தான் நடுவுல?"

"அந்த ரோட்டுல ரெண்டே பேர்தான் இருக்காங்க. நான் கேக்குறது எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

அல்முட் சிரித்துவிட்டார். அது உண்மையான சிரிப்பு, பாதியில் நின்றது. உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தார்.

"அப்படியா யோசிச்ச? லாரியில இருந்து இறங்கி வீடு வர்ற வரைக்கும் அதைத்தான் யோசிச்சுட்டு வந்தியா? நான் கை வீங்கி உக்காந்திருக்கேன்."

கெர்னோட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சக்கரம் கார்ல இருந்துது, கெர்னோட். பின் சீட்டை மடிச்சு, போர்வை விரிச்சு, நாலையும் நான்தான் ஏத்தினேன். நீ போனதும் இந்தப் படியில ஒவ்வொண்ணா உருட்டி மேல கொண்டாந்தேன். நேத்தே டீமனுக்குப் போன் பண்ணிட்டேன். கடை திறக்கிறதுக்கு முந்தி மாட்டித் தர்றேன்னான். இன்னைக்கு மட்டும் லேட்டா வர்றேன்னு இல்லத்துலயும் சொல்லிட்டேன், மாட்டிக்கிட்டு நேரா கீழ வேலைக்குப் போயிருப்பேன். நான் வரலைன்னதும் அவனே தேடிக்கிட்டு வந்தான். அதான் சீக்கிரம் வந்தான். போதுமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். வானொலிக்காரன் மேல கேஸ் போட்ட."

அதற்குமேல் பேச்சு வளர்வதற்குள் மைனோல்ஃப் வந்துவிட்டார், கோப்போடு. தன் பெயர் அந்தச் சமையலறையில் சற்றுமுன் என்ன பாடுபட்டது என்று தெரியாமல், உட்கார்ந்து காபி கேட்டார். கெர்னோட் அவர் கையைக் கவனித்தார், கண்ணைக் கவனித்தார். அல்முட் அதைக் கவனித்தார்.

"வேலி, சிலுவை ரெண்டும் தேர்டு பார்ட்டியில வந்துடும். அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் மைனோல்ஃப். "நம்ம கார்தான் யோசனையா இருக்கு. பனியில கோடை டயர். கம்பெனிக்காரன் இதைப் பெரிய அஜாக்கிரதைன்னுவான். எவ்வளவு பெரிசுன்னு அவன் நினைக்கிறானோ அந்த அளவுக்கு வெட்டுவான். பாதி வெட்டலாம். கூடவும் வெட்டலாம்."

"ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன். ஃபுல்லுன்னா ஃபுல்லு."

"அதுக்குத்தான் ஒரு வரி சேத்திருந்தேன். ஓட்டினவங்க அஜாக்கிரதைன்னு சொல்லிக் குறைக்க மாட்டோம்னு கம்பெனியே ஒத்துக்கிற வரி. பிரீமியம் கொஞ்சம்தான் கூட. நீதான் உன் பேனாவாலயே அடிச்ச. ஓட்டைய நீயே போட்டுட்டு, அடைக்கக் கூலி கேக்குறியான்னு என்னைக் கேட்ட. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அடித்துவிட்டு, அடித்த கோட்டின் பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருந்தார், யாரும் பிறகு மாற்றிவிடக் கூடாதென்று.

பாதியை வெட்டினால் காரைச் சரிசெய்ய அவர்களிடம் வழியில்லை. முதியோர் இல்லத்து மேலாளர் மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார், அதற்குமேல் முடியாது.  மைனோல்ஃப் எழுந்து தொப்பியை எடுத்தவர், கதவருகில் குரலைத் தாழ்த்தினார்.

"சேதம் பார்க்கிற கம்பெனி சர்வேயர் அம்மா நாளைக்குத்தான் வருது. கார் டீமன் கொட்டகையில. பனிச் சக்கரமும் அங்கதான் கிடக்குது. நான் ஒண்ணும் சொல்லல."

கதவு சாத்தியதும் அல்முட் "சீ" என்றார். கெர்னோட் சைக்கிளை எடுத்தார்.

அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது சக்கரத்தை மாற்றுவதற்கல்ல. அதை ஊரார் இன்றும் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான். மைனோல்ஃப் அப்படிச் சொன்னதிலேயே ஒரு கண்ணி இருப்பதாக அவருக்குப் பட்டது. நான் மாற்றுவேன், அவர்கள் பிடிப்பார்கள், மோசடி என்று மொத்தப் பணத்தையும் மறுப்பார்கள். நான் மாற்றாவிட்டால் டீமனே மாற்றி வைத்துவிட்டு என்னைக் காட்டிக்கொடுப்பான். ஆகவே, தன் கோடை டயர்களை யாரும் தொடாமல் காவல் காக்கப் போனார். பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேடேறி, கொட்டகைக்குள் நுழைந்து, நசுங்கிய காருக்குப் பக்கத்தில் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார்.

டீமன் வேறொரு வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"என் காரு. பார்க்கக்கூடாதா?"

டீமன் மெல்ல வெளியே வந்து கையைத் துடைத்தார். "மைனோல்ஃப் எனக்கும் போன் பண்ணான். வேற வேலையப் பாருன்னுட்டேன். நீ பயப்படாத, உன் சக்கரத்தை நான் கொக்கி போட்டுக்கூடத் தொடமாட்டேன். ஒரு தடவை தொட்டதுக்கே ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச."

"சொன்னது பொய்யா?"

"அடப் போய்யா. உன் சக்கரத்தைத் திருடி நான் என்னய்யா பண்ண? கல்யாணத்துக்குச் சீர் வைக்கவா?"

இரண்டு கோப்பை காபி கொண்டுவந்து வைத்தார். டீமன் ஒரு வாய் குடிக்கும்வரை கெர்னோட் தன் கோப்பையை எடுக்கவில்லை. டீமன் அதைப் பார்த்துவிட்டு, கெர்னோட்டின் கோப்பையிலிருந்தும் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். கடை அடைக்கும்வரை டீமன் வண்டிக்கு அடியில் வேலை பார்த்தார், கெர்னோட் பீப்பாயை விட்டு எழவில்லை. அடைக்கும்போது கெர்னோட் சாவியைக் கேட்டார். டீமன் கொடுத்துவிட்டார், "காலையில நீயே வந்து திற" என்று.

காலையில் சர்வேயர் வந்தார். லூடர்ஸ் என்ற குட்டையான பெண்மணி. ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்தவுடன் குனிந்து டயரைத்தான் பார்த்தார். அல்முட்டும் கைக்கட்டோடு வந்து நின்றிருந்தார்.

"இந்தக் கோடை டயரை எப்ப மாட்டினீங்க, ஹெர் வீபுஷ்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எழுத."

"எங்க எழுதுவீங்க?"

சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். "ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையா?"

கெர்னோட் சட்டென்று டீமன் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"யாரும் சொல்ல வேண்டாம், ஹெர் வீபுஷ். இந்த வாரம் நான் பார்த்த வண்டியில பாதி ஈஸ்டர் வண்டிதான். இந்த மலையில எல்லாரும் வானத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு நாள்காட்டியைப் பார்க்கிறீங்க." அவர் சுவரோரம் நடந்தார். அங்கே நாலு பனிச் சக்கரங்கள், சாக்கட்டி எழுத்தோடு, போர்வையின் மேல் கிடந்தன. "இது?"

கெர்னோட்டின் மூளை வேகமாக ஓடியது. காரின் பின்பக்கத்தில் பனிச் சக்கரம் இருந்தது என்றால், பனி இருப்பது தெரிந்தே வண்டியை எடுத்தாள் என்று ஆகிவிடும். அதைத்தான் இந்த அம்மா தேடுகிறாள்.

"அது பழைய சக்கரம். சும்மா கிடக்குது" என்றார்.

"பொய்" என்றார் அல்முட்.

 டீமன் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டார்.

"அது கார்லதான் இருந்துது. மாட்டிக்கிறதுக்காக இங்க கொண்டு வந்துக்கிட்டிருந்தேன். எங்க தெருவுல வெறும் ஈரம். மேல பனி இருக்குமோன்னு பயம் இருந்துது. மெதுவாப் போனா சேந்துடலாம்னு நினைச்சேன். அந்த வளைவுலதான் பனி ஆரம்பிச்சுது. பிரேக் மிதிச்சேன், வண்டி கேக்கல."

"உங்க வீட்டுக்காரர் தன் கையாலயே மாட்டுறவர்னு சாக்கட்டி எழுத்தைப் பார்த்தாலே தெரியுது. அவர்கிட்ட கேக்கலையா?"

அது எழுதுவதற்கான கேள்வி இல்லை. எழுதுகோல் அசையாமல் நின்றது. அல்முட் கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டார்.

"கேட்டேன். அவர் வானொலிய நம்பல. டயர் கடைக்காரரை நம்பல. பனி வருதுன்னா அதுக்குப் பின்னால யாரு இருக்கான்னு பார்ப்பார். நான் இங்க வர்றேன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். கண்டுபிடிச்சும் இருக்கார்." கெர்னோட்டைப் பார்க்காமலே சொன்னார். "அதனால என் வீட்டுச் சக்கரத்தை நானே திருடுற மாதிரி எடுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கெர்னோட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரித்தவர்கள் மேல் பாய்ந்திருப்பார். அவர் பீப்பாயிலிருந்து எழுந்து நின்றார்.

"எழுதுங்க" என்றார் சர்வேயரிடம். "கழட்டினது நான். அவ வேணாம்னா, நான் கேக்கல. முந்தின நாள் திரும்ப மாட்டச் சொன்னா, அதையும் நான் கேக்கல. அந்த வரிய அடிச்சதும் நான்தான். எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதினார்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க."

சர்வேயர் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் கெர்னோட். ஒரு சொல்கூட விடுபடவில்லை.

கம்பெனியின் முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. கால் பங்கை வெட்டிக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். வேகம் குறைவாக இருந்தது, பனி வளைவில்தான் தொடங்கியது, ஓட்டியவர் சரியான டயரை மாட்டுவதற்காகவே போய்க்கொண்டிருந்தார் என்று சர்வேயர் எழுதியிருந்தாராம். மறைக்கப் பார்த்த அந்த நாலு சக்கரங்கள்தான் அவர்கள் பக்கம் பேசின. மைனோல்ஃப் வந்து சொன்னபோது கெர்னோட்டின் முகம் மலரவில்லை.

"கால் பங்குதான் வெட்டினாங்களா? இவ்வளவு கொடுக்கிறாங்கன்னா எங்கேயோ இடிக்குதே."

"விடு" என்றார் அல்முட். மைனோல்ஃப் அன்று காபி கேட்கவில்லை. கெர்னோட்டின் சந்தேகத்தை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கார் மாதக் கடைசிக்கு முன் ஓடியது. அல்முட் வேலையை இழக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. நடந்தது என்று மட்டும்தான் ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த வாரம் காரும் பாலிசியும் அல்முட் பெயருக்கு மாறின. கெர்னோட் அடித்த வரி பாலிசியில் மறுபடி ஏறியது. டயர் விஷயத்தில் அல்முட் விட்டுக்கொடுத்துப் பேசினார். மைனோல்ஃப் விஷயத்தில் மட்டும் பல மாதம் முகம் கொடுக்கவில்லை. கெர்னோட் அதற்கு மன்னிப்புக் கேட்டாரா என்று இருவரும் சொன்னதில்லை.

செப்டம்பரில் புது டயர் எடுக்க இருவரும் டீமனிடம் போனார்கள். பழைய பனி டயரில் பட்டன் என்கிற வரிப்பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் வயதாகி ரப்பர் இறுகியிருந்தது, நகம் இறங்கவில்லை. டீமன் மூன்று வகையை உருட்டிக் காட்டினார். முதலாவது மலிவு, பக்கவாட்டில் சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்பதைக் குறிக்கும் M+S என்ற பழைய எழுத்து மட்டும் இருந்தது. "இது இனிமே செல்லாது. மூணு முகட்டு மலையும் நடுவுல பனிப்பூவும் போட்ட குறி இருக்கணும். அது இல்லைன்னா நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் முன்னால நிக்க முடியாது" என்று அவரே தள்ளிவைத்தார். இரண்டாவது எல்லாக் காலத்துக்கும் ஒன்றே, மலைக்குறி இருந்தது.

"இதை மாட்டினா கழட்டவே வேணாமே" என்றார் அல்முட்.

"ஊருக்குள்ளயே ஓட்டுறவங்களுக்குச் சரி. நீ விடியிறதுக்கு முந்தி மலை ரோட்டுல இறங்குறவ. நான் கொடுக்க மாட்டேன்."

"ரெண்டு செட்டு விக்கலாம்ல அப்ப" என்றார் கெர்னோட்.

"ஆமா, மாளிகை கட்டப் போறேன்."

அல்முட் மூன்றாவதை எடுத்தார், அசல் பனி டயர். கெர்னோட் குனிந்து பக்கவாட்டில், டயர் செய்த வாரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார், நாலையும் முகர்ந்து பார்த்தார்.

"கடிச்சும் பாரேன்" என்றார் டீமன்.

கெர்னோட் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அல்முட் இன்னும் முதியோர் இல்லத்தில் சமைக்கிறார். பனிச் சக்கரங்கள் மே மாதத்தில்தான் கழற்றப்படுகின்றன. எந்த நாள் என்பதை அல்முட் சொல்வார். கழற்றும் நாளில் கெர்னோட்டும் டீமனின் கொட்டகைக்குப் போய், வேலை முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, மனைவியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்புகிறார்.